யாநாங் அம்மையும் சூயிங்கம் தாளும்

எங்கள் ஊரான நக்கோன் பத்தோமில், சந்தைக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் சனிக்கிழமைதோறும் பழைய கார்கள் வரிசைகட்டி நிற்கும். ஒன்றில் விளக்கு எரியாது. இன்னொன்றில் ஹாரன் அடிக்காது. எதிரிலேயே மெக்கானிக் கடை இருக்கிறது. ஆனால் மெக்கானிக் என்ன செய்வான்? வயரைப் பார்ப்பான். எங்கள் ஊர்க்காரர்கள் அதைவிட ஆழமாகப் பார்ப்பவர்கள். வண்டிக்குள் குடியிருக்கும் யாநாங் அம்மை கோபித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள், அவ்வளவுதான். அவளைத் திரும்ப அழைத்துவர ஆசான் பூன்லூவால்தான் முடியும்.

முறை எளிது. ஆசான் டாஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு, கருகிய ப்யூஸை உருவி, “தீட்டு” என்று தூர எறிவார். அது இருந்த இடத்தில், மந்திரம் கீறிச் சுருட்டிய செம்புத் தகட்டைச் செருகுவார். விளக்கு எரியும். கூட்டம் கும்பிடும். மெக்கானிக் கொட்டாவி விடுவான்.

விச்சிட்டின் ஆமை முதுகுக் காருக்கும் அம்மை இப்படித்தான் திரும்பி வந்தாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை. விளக்கைப் போட்டால் கருகிய நாற்றம் அடித்தது. அது தேவலோக வாசனை என்று ஆசான் விளக்கம் சொன்னார். விச்சிட் ஆழமாக மூச்சை இழுத்துக்கொண்டான்.

அவன் மனைவி லம்யைக்கு எட்டு மாதம். அடுத்த சனிக்கிழமை வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவளும் மனைக்கு வந்தாள்.

“ஆசானே, இந்த வண்டியிலதான் நான் பிரசவத்துக்குப் போகணும். புள்ள ராத்திரியில வந்தாலும் வரும். அதான் ஒரு சந்தேகம் கேட்டுக்கலாம்னு.”

“கேளும்மா.”

லம்யை சூயிங்கம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, வண்டியிலிருந்து ஆசானின் தகட்டை உருவி, சூயிங்கத்தின் மேல் காகிதத்தை அதைச் சுற்றி முழுக்க ஒட்டினாள். இப்போது செருகிப் பாருங்கள் என்றாள். செருகினார். விளக்கு எரியவில்லை.

“அம்மைக்குக் காகிதம் ஆகாது,” என்றார் ஆசான்.

“ரெண்டு உலகம் தாண்டி வர்றவளுக்கு ஒரு காகிதம் தாண்ட முடியலையா?”

கூட்டத்தில் யாரோ சிரித்து, சட்டென்று இருமலாக மாற்றிக்கொண்டார்கள். லம்யை தகட்டை உருவிவிட்டு, சூயிங்கத்தின் உள்ளுறையான வெள்ளித்தாளைச் சுருட்டி அதே இடத்தில் செருகினாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

“புதினா வாசனைக்கும் அம்மை வர்றா,” என்றாள்.

தகட்டின் சக்தி இன்னும் அங்கே மிச்சம் இருக்கிறது என்று ஆசான் ஆரம்பித்தார். அதற்குள் டாஷ்போர்டின் ஓரத்திலிருந்து புகை கிளம்பிவிட்டது. கண்மூடிக் கும்பிட்டவர்கள் கண்ணைத் திறந்து ஓடினார்கள். லம்யை பக்கத்து நூடுல்ஸ் கடைக்காரியின் மரக்குச்சியைப் பிடுங்கி வெள்ளித்தாளைத் தட்டிவிட்டாள். புகை அடங்கியது.

விச்சிட் டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்த்தான். அம்மைக்கென்று ஆசான் போன மாதம் டாஷ்போர்டில் பொருத்தி விற்ற பித்தளைப் பீடத்தின் திருகாணி, வயரைக் குத்திக்கொண்டு நின்றது. வயர் பாதி உருகியிருந்தது.

வரிசையில் நின்றவர்கள் அவரவர் காருக்குள் குனிந்தார்கள். எல்லா டாஷ்போர்டிலும் அதே பீடம், அதே திருகாணி. அம்மையைத் துரத்தியதும் ஆசான்தான், அழைத்து வந்ததும் ஆசான்தான். கூட்டம் நிமிர்ந்தபோது ஆசானைக் காணவில்லை. தகட்டுப் பெட்டியை மட்டும் மறக்காமல் எடுத்துப் போயிருந்தார்.

விச்சிட் தலை குனிந்தபடி கேட்டான். “அப்ப நம்மளக் காப்பாத்த யாருதான் இருக்கா?”

“அவரு தீட்டுன்னு எறிஞ்சாரே, அந்த ப்யூஸ். நம்ம எரியாம இருக்கத்தான் அது எரிஞ்சிச்சு. அதத் தூக்கிப் போட்டுட்டு அவருக்குக் கும்பிடு போட்டீங்க,” என்றாள் லம்யை.

மண்டைக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கிறது. சந்தேகம் என்று பெயர். அதை உருவி எறியச் சொல்லி ஒருவன் கை நீட்டினால், முதலில் அந்தக் கையைப் பிடியுங்கள்.