பவளத்தைத் தொட்டவர்

எங்கள் பவளக் காயலைக் காப்பதற்கென்று ஒரு இயக்குநர் வந்து சேர்ந்தார். காயலுக்குள் கப்பல் வர ஒடுக்கமான ஒரே தடம்தான். அதில் கப்பலேறி, வழி சொல்லிக் கூட்டி வருபவர் எங்கள் பைலட். தடத்தின் இரு பக்கமும் சிவப்பு மிதவைகள் கிடந்தன. சிவப்பு இயற்கைக்கு விரோதமானது என்று ஏதோ மாநாட்டில் கேட்டு வந்த இயக்குநர், அத்தனைக்கும் கடல் நீலம் பூச உத்தரவிட்டார்.

“மிதவை கண்ணுக்குத் தெரியறதுக்குத்தானே சார் போட்டிருக்கு?” என்றார் பைலட்.

“உங்களுக்குத்தான் வழி தெரியுமே. அப்புறம் எதுக்கு மிதவை?”

மறுநாளே கப்பலுக்குப் புறப்பட்ட பைலட்டின் படகு, நீலத்தில் நீலம் தெரியாமல் பவளப் பாறைமேல் ஏறி உட்கார்ந்தது. அன்றைக்குப் பார்த்து வீட்டில் அவர் மனைவிக்குப் பிரசவ வலி. இயக்குநர் விரைந்து வந்து, தள்ளி நின்று விதியை வாசித்தார்: “பவளத்தைத் தொட்டு நிற்கும் யாதொன்றும் பவளத்தின் அங்கமாகவே கருதப்படும், அதனை அகற்றலாகாது.”

“தண்ணி ஏறினா படகு தானா மிதந்துடும் சார்.”

“அந்த ஆபத்து இருக்குன்னுதான் கயிறு கொண்டு வந்திருக்கேன்.”

“படகு கிடக்கட்டும், நான் உங்க படகுல வந்துடறேன். அவ தனியா இருக்கா சார்.”

“நீங்க படகைத் தொட்டுக்கிட்டிருக்கீங்க. படகு பவளத்தைத் தொட்டுக்கிட்டிருக்கு.”

“நான் மனுஷன் சார்.”

“அது எங்க துறையில வராது.”

படகையும் அவரையும் தொடாமலே பாறையோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். பைலட் இல்லாமல் கப்பல்கள் வருவது நின்றது. பவளம் பிழைத்தது என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. பைலட்டைப் பார்க்கப் படகுச் சுற்றுலாவும் தொடங்கியது. அவரோடு படம் எடுத்துக்கொள்ளாதவர் ஊரில் நாகரிகம் தெரியாதவர் என்றாகிவிட்டது. நானும் அவர் தோளில் கைபோட்டு எடுத்துக்கொண்டேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் மறந்துவிட்டேன். வெளிச்சம் போய்விடுமே என்ற அவசரம்.

ஒருநாள் அவர் மனைவியும் டிக்கெட் வாங்கி, கைக்குழந்தையோடு வந்தார். “பொண்ணு பிறந்திருக்குங்க. மூக்கு அப்படியே உங்க மூக்கு,” என்று தள்ளியிருந்தே காட்டினார். பைலட் அழுதுவிட்டார். இயக்குநருக்கே மனம் இளகி, “வாழ்த்துகள்” என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கூட வந்திருந்த அவருடைய குமாஸ்தா தொண்டையைக் கனைத்தார். “சார், தொட்டுட்டீங்களே.”

“யோவ், நான் இயக்குநர்.”

“யாதொன்றும்னு நீங்கதானே சார் போட்டீங்க?”

“அப்போ தோள்ல கைபோட்டவங்க எல்லாம்?”

படங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஊரே இருந்தது. எங்களை வரிசையாகக் கொண்டுவந்து பாறையில் உட்கார வைத்தார்கள். பவளத்துக்கு வலிக்காதா என்று கேட்டேன். “நீங்கதான் சார் பவளம்,” என்றார் குமாஸ்தா. எங்களைத் தொட்டுக் கட்டியதால் கடைசியில் அவரும் எங்களோடு உட்கார வேண்டியதாயிற்று.

இத்தனை பேருக்கும் கயிறு போதாமல் பைலட்டைக் கட்டியிருந்த கயிற்றையும் அவிழ்த்து எடுத்திருந்தார்கள். தண்ணீர் ஏறியது. அவர் படகு சத்தமில்லாமல் மிதந்தது. சுற்றுலாப் படகில் இருந்த மனைவியை ஏற்றிக்கொண்டு, மகளை மடியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இதைப் பாறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்திருக்கிறது. கரைக்கு எப்படிப் போவது என்று இயக்குநரைக் கேட்டேன். மிதவையைப் பார்த்துப் போகலாமே என்கிறார்.