நீலமாகும் பொட்டு

தலையில் பூசிய டை ஊறும்வரை காத்திருந்து, கழுவித் துடைத்துவிட்டு, லென்ஸ்காரர் கறி டப்பாவைத் திறந்தார். பொட்டு மறுபடியும் நீலம்.

முந்தின நாள் சாயங்காலம் வாங்கிய கறி. பார்வைக்கு நல்ல சிவப்பு. மோந்து பார்த்தார்; வாடை இல்லை. ஆனால் அந்தப் பெரிய கடையில் மூக்குக்கு மதிப்பில்லை. ஒவ்வொரு கறி பாக்கெட்டுக்குள்ளும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டக் காகிதம் ஒட்டியிருக்கும். கறி நன்றாக இருக்கும்வரை அது மஞ்சள். கெட ஆரம்பித்தால் நீலம். கடையில் எல்லோரும் அதைப் பொட்டு என்றுதான் சொல்வார்கள். நீலப் பொட்டோடு போனால் கேள்வி கேட்காமல் மாற்றித் தருவார்கள். வேலை செய்கிறவர்கள் மோந்து பார்க்கக்கூடாது என்பது மேனேஜரின் கண்டிப்பான உத்தரவு. ஆளுக்கு ஆள் மூக்கு மாறும், சண்டை வரும், நிறம் பொய் சொல்லாது என்பார்.

லென்ஸ்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவர். நாள் முழுக்க மெஷின் இரைச்சல்தான் பேச்சுத் துணை. மனைவி போன பிறகு வீட்டில் அந்த இரைச்சலும் இல்லை. ஒற்றை அறை. மூலையில் அடுப்பு, அடுப்பை ஒட்டி முகம் கழுவும் தொட்டி, தொட்டிக்கு மேல் கண்ணாடி. அந்தக் கடையில் ஒரு ஆளுக்கான கறி பாக்கெட் கிடையாது. இருப்பதிலேயே சின்னது இரண்டு பேருக்கானது. அதனால் வெள்ளிக்கிழமை வாங்கி வந்து பிரிப்பார். பாதியைச் சமைப்பார். மீதியை டப்பாவில் போட்டு, பொட்டை உரித்து மூடியின் உட்பக்கம் ஒட்டி ஃப்ரிட்ஜில் வைப்பார். சனிக்கிழமை காலையில் டப்பாவை வெளியே எடுத்து, குளிர் விடட்டும் என்று மூடியைக் கொஞ்சம் நெகிழ்த்தித் தொட்டி ஓரமாக வைப்பார்.

முதல் தடவை பொட்டு நீலமானபோது எரிச்சலோடுதான் கடைக்குப் போனார். திருப்பி வாங்கும் கவுண்டரில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். எல்லோருக்கும் அவர் ‘ரிட்டர்ன் மேடம்’.

"பொட்டு நீலமாயிடுச்சுங்க."

"ஆமா, நல்லாவே ஆயிடுச்சு." டப்பாவைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியில் அத்தனை கீறல். பிறகு நிமிர்ந்து லென்ஸ்காரரைப் பார்த்தார். "கறிக்குத்தான் சீக்கிரம் வயசாகுது. உங்களுக்கென்ன சார், ஒரு முடி நரைக்கலை. என்னைப் பாருங்க."

கடைத் தொப்பிக்கு வெளியே காதோரம் எட்டிப் பார்த்த வெள்ளை முடியை உள்ளே தள்ளிக்கொண்டார்.

லென்ஸ்காரர் வீடு வரும்வரை அந்த வாக்கியத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே வந்தார். அதுவரை எப்போதாவது டை அடித்துக்கொண்டிருந்தவர், அன்றிலிருந்து வாரம் தவறாமல் அடிக்க ஆரம்பித்தார். அடுத்த சனிக்கிழமையும் பொட்டு நீலமானது. கறி கெட்டதற்காக ஒரு மனிதன் சீட்டியடித்துக்கொண்டு சட்டைக்கு இஸ்திரி போடுவதை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது.

சனிக்கிழமைகள் வளர்ந்தன. ரிட்டர்ன் மேடமும் தனி ஆள்தான் என்று தெரிந்தது. வீட்டில் ரேடியோவை அணைப்பதே இல்லையாம்.

"கேக்கறதுக்கா?" என்றார் லென்ஸ்காரர்.

"யாரு கேக்கறா? கதவைத் திறக்கும்போது உள்ள ஒரு சத்தம் இருந்தா நல்லாருக்கும்."

லென்ஸ்காரர் அவருடைய மூக்குக்கண்ணாடியையே பார்த்தார். "அந்தக் கண்ணாடியைக் கொடுங்க, கீறலை எடுத்துத் தர்றேன்" என்று சொல்ல நினைத்தார். தெருமுனை தாண்டிய பிறகுதான் வாய் வந்தது. இது ரெண்டு பேருக்கான பாக்கெட், பாதி உங்களுக்கு என்று ஒருநாள் சொல்லிவிட வேண்டும் என்பதும் அங்கேயே முடிவானது.

இந்த வாரம்தான் சிக்கல். டப்பாவை வாங்கிய ரிட்டர்ன் மேடம் குரலைத் தாழ்த்தினார்.

"சார், மேனேஜருக்குச் சந்தேகம் வந்திருச்சு. ஊர்ல யார் கறியும் கெடலை, உங்க கறி மட்டும் கெடுதாம். இன்னொரு தடவை நீலமா வந்தா உங்களைக் கவுண்டர் பக்கமே விடக்கூடாதுன்னுட்டார்."

லென்ஸ்காரர் அன்றே போர்க்கோலம் பூண்டார். முதலில் ஃப்ரிட்ஜைக் கடைசிப் புள்ளிவரை திருகினார். பாலைச் சுத்தியலால் உடைக்க வேண்டியிருந்தது, சனிக்கிழமை பொட்டு நீலம். அடுத்த வாரம் புது டப்பா வாங்கினார், அதிலும் நீலம். ஃப்ரிட்ஜில்தான் அழுக்கு என்று நெடியடிக்கும் திரவம் ஒன்றை வாங்கி வந்து உள்ளும் புறமும் தேய்த்தார். பிரிக்காத பாக்கெட்டிலிருந்து பொட்டை எடுத்து ஃப்ரிட்ஜுக்குள் நீட்டிப் பார்த்தார். அது கண்ணெதிரே நீலமானது. கறியே இல்லாமல் கெட்டுப்போகிற வீடு இதுவாகத்தான் இருக்கும் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் பொட்டுக் கம்பெனிக்கே போன் போட்டார். மீசை கருகருவென்றிருந்த ஒருவர் பையோடு வந்தார். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார், ஃப்ரிட்ஜ் மேலிருந்த திரவப் பாட்டிலையும் பார்த்தார். தொட்டி ஓரத்தில் டை கிண்ணமும் அதை இடித்துக்கொண்டு கறி டப்பாவும் இருந்தன.

"சார், இது ரெண்டும் எப்பவும் இப்படித்தான் பக்கத்துல பக்கத்துல இருக்குமா?"

"வேற இடம் இல்லைங்க. ஏன்?"

"கறி கெட்டா ஒரு காரமான நெடி கிளம்பும். நம்ம மூக்குக்குத் தெரியறதுக்கு முன்னாடியே பொட்டுக்குத் தெரிஞ்சிடும். அதே நெடி அந்தத் திரவத்துலயும் இருக்கு, இந்த டையிலயும் இருக்கு. உங்க கறி கெடலை சார். உங்க தலைதான்."

லென்ஸ்காரர் தலையைத் தடவிக்கொண்டார். "கடையில சொல்லிடுவீங்களா?"

வந்தவர் மீசையை நீவிக்கொண்டார். "ஃப்ரிட்ஜ் கதவு லூஸ்னு சொல்லிடறேன். நானும் அடிக்கிறவன்தான். அதனாலதான் கம்பெனியில என்னை லேப் உள்ளே விடாம வீடு வீடா அனுப்பறாங்க."

அன்றோடு டை நின்றது. பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான தலையோடு அந்தக் கவுண்டர் முன்னால் நிற்கக் கூச்சமாக இருந்தது. பஸ் ஏறிப் போய் வேறு கிளையில் கறி வாங்கினார். பொட்டு சனிக்கிழமை மஞ்சளாக இருந்தது. அடுத்த சனிக்கிழமையும் மஞ்சள். நல்ல கறியைத் தனியாக உட்கார்ந்து தின்றார். ஒருநாள் வீட்டுக்கு ரேடியோ வாங்கி வந்தார். கதவைத் திறந்தபோது உள்ளே யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். உபயோகமாகத்தான் இருந்தது, ஆனால் ‘வந்துட்டீங்களா’ என்று அது கேட்கவில்லை.

தலை முழுசாக வெளுத்த பிறகு, ஒரு சனிக்கிழமை, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு கிளம்பினார். கையில் டப்பா. உள்ளே மஞ்சள் பொட்டு.

ரிட்டர்ன் மேடம் அவரைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"சார், தலைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைங்க. இதுதான் என் தலை. முன்னாடி பாத்ததுதான் பொய்."

அந்த அம்மாள் முகத்தில் ஏதோ குறைவதுபோல் லென்ஸ்காரருக்குப் பட்டது. என்னவென்று பிடிபடவில்லை.

"மாத்தணுமா?"

"இல்லைங்க. கெடலைன்னு காட்டத்தான் வந்தேன். அப்புறம் இது வந்து, ரெண்டு பேருக்கான பாக்கெட்..."

மேனேஜர் எங்கிருந்தோ முளைத்தார். "வந்துட்டாரா? என்ன நிறம்னு பாருங்க முதல்ல."

ரிட்டர்ன் மேடம் மூடியைத் திறந்தார். கீறல் விழுந்த கண்ணாடி என்பதால் தலையைத் தாழ்த்தி, டப்பாவுக்குள் முகம் புதைப்பதுபோல் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னம்மா?"

"மஞ்சளாத்தான் இருந்துச்சு சார்" என்றார் மெதுவாக. மஞ்சள் ஓரத்தில் கலங்கியது. பச்சையானது. மூன்று பேரும் பார்க்கப் பார்க்க நீலமானது.

"போதும் சார்" என்றார் மேனேஜர். "இனிமே நீங்க இந்தக் கவுண்டருக்கு வரவேண்டாம்."

லென்ஸ்காரருக்கு மானம் போனாலும் பரவாயில்லை, இந்த இடம் போகக்கூடாது என்று தோன்றியது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"கறி கெடலைங்க. டை நெடி பட்டா பொட்டு நீலமாகும், கம்பெனிக்காரரே சொன்னார். இத்தனை நாள் நான் அடிச்ச டைதான் காரணம். இப்ப விட்டாச்சு, தலையைப் பாருங்க, ஒரு சொட்டு டை கிடையாது."

மேனேஜர் அந்த வெள்ளைத் தலையைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். "அப்ப இப்ப எப்படி நீலமாச்சு?"

ரிட்டர்ன் மேடம் தொப்பியைக் காது மறையக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

வாசலிலிருந்து காலி டிராலிகளைத் தள்ளிக்கொண்டு வந்த டிராலிக்காரர் வழி கிடைக்காமல் நின்றார். பேச்சு காதில் விழுந்ததும் அவர் சொன்னார்:

"சார் மேல தப்பில்லைங்க. இவர் வராமப் போனதுல இருந்து அக்காதான் சனிக்கிழமை ஆனா டை அடிச்சுக்கிட்டு வந்து வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க."