கார்பன் அக்காவின் மூன்றாவது காப்பி

கார்பன் அக்காவைப் போல எதையும் நம்பாத ஜீவன் காவிரிப் பாசனத்தில் வேறு பிறந்திருக்க முடியாது. தஞ்சாவூரில் ஆராய்ச்சி மாணவியர் விடுதியில் என் அறைத்தோழி. லீவு லெட்டருக்குக்கூடக் கார்பன் தாள் வைத்து மூன்று காப்பி எடுப்பார். ஒன்று வார்டனுக்கு, ஒன்று வாட்ச்மேனுக்கு, ஒன்று என் தலையணைக்கு அடியில்.

"ஏம்மா, நீ லீவு கேக்குறியா, நிலத்தைக் கிரயம் பண்றியா?" என்பார் வார்டன்.

"உங்க காப்பி தொலைஞ்சா என்ன பண்ணுவீங்க மேடம்?"

வார்டன் தொலைக்கவும் செய்வார். அதுதான் அக்காவுக்குத் தெம்பு.

அக்காவின் அம்மா குடவாசல் பக்கம் நடவுக்குப் போகிறவர். அந்த வீட்டிலிருந்து வந்தவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது குத்தகை விவகாரம். சாகுபடி செய்கிறவர் பெயரைப் பதியச் சொல்லி அரசாங்கம் சட்டம் போட்டும் ஏன் பல பேர் பதியவில்லை என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டார். கேட்டதை டைப் அடித்தார். யார் சொன்னது என்று மிராசுதாருக்குத் தெரிந்தால் அந்த ஆள் அடுத்த போகத்துக்கு வரப்பில் கால் வைக்க முடியாது. அதனால் தாளில் பெயர் கிடையாது, நம்பர்தான்.

ஒரு காப்பி பல்கலைக்கழகத்தில் அவர் துறையின் பீரோவில், ஒன்று அம்மா வீட்டில். மூன்றாவதைத் துணியில் வைத்துத் தைத்து, பொங்கல் லீவுக்குக் கிளம்பிய என் பையில் திணித்தார்.

"தண்ணி, தீ, எலி, மூணும் ஒரே நாள்ல மூணு ஊருக்கும் வராதுடி."

"அக்கா, எங்கப்பாவே மிராசுதார். எங்க ஊர்லயும் போய்க் கேட்டிருக்கீங்க."

"அதான் சொல்றேன். உங்க வீட்டு இரும்புப் பெட்டியை எந்த மிராசுதார் வந்து குடையப் போறாரு?"

மகளின் ஆராய்ச்சி என்று நினைத்து அப்பா அதைப் பத்திரங்களோடு வைத்துப் பூட்டினார். ஆயுதபூஜைக்குச் சந்தனம் குங்குமம்கூட வைத்தார்.

அக்கா சாமி கும்பிடாதவர். ஆனால் விடியற்காலையில் என் தூக்கம் கலையும் அளவுக்கு ஏதோ ஜபிப்பார்.

"என்ன மந்திரம்க்கா?"

"நம்பரும் பேரும்டி. எழுதி வைக்க முடியாதுல்ல."

"அதுக்கு மட்டும் ஒரே காப்பியா?"

"போதும், தூங்கு."

அந்த ஐப்பசி மழையில் துறைக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்து பீரோவிலிருந்த காப்பி கூழானது. குடவாசல் காப்பியைக் கரையான் முன்பே முடித்துவிட்டிருந்தது. வேறு யாராவது என்றால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். "பாத்தியா, ரெண்டு போச்சு. அதுக்குத்தான் மூணு" என்றார் அக்கா, பரீட்சையில் பாஸான முகத்தோடு.

இருவரும் எங்கள் ஊருக்கு பஸ் ஏறினோம். அப்பா அக்காவுக்கு நாற்காலி காட்டவில்லை. அக்கா தானே ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்பா துணிக்கட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். தையல் பிரிந்து, மறுபடி கோணல்மாணலாகப் போடப்பட்டிருந்தது. அப்பா வாழ்நாளில் ஊசி பிடித்தவரில்லை.

"முப்பத்தொண்ணாம் நம்பர் யாரு? நான் குத்தகை நெல் அளக்குற மரக்கால் பெரிசுன்னு சொல்லியிருக்கான்."

"சொல்ல மாட்டேங்க ஐயா."

"சொன்னாத்தான் கட்டு."

அக்காவின் டாக்டர் பட்டமே அந்த மேஜையில் கிடந்தது. அவர் எழுந்துவிட்டார்.

"அப்ப உங்ககிட்டயே இருக்கட்டுங்க. இத்தனை நாளா பத்திரமாத்தான் வச்சிருந்தீங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா."

எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கட்டை அக்கா பக்கம் தள்ளினார். "பெட்டியில இடமில்ல. எடுத்துட்டுப் போங்கம்மா." மரக்காலை அவர் மாற்றவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பஸ்ஸில் மெல்லச் சொன்னேன்: "எனக்குத் தெரியும்க்கா. தினம் கேட்டுக் கேட்டு எல்லாப் பேரும் மனப்பாடம்."

"தெரியும்டி. பின்ன எதுக்கு அவ்வளவு சத்தமா சொன்னேன்? ஒரே காப்பியை நம்புறவளா நான்?"

அவர் பட்டம் வாங்கிய அன்று கை சிவக்கக் கைதட்டினேன். யாரையும் நம்பாத அக்கா ஒரு மிராசுதார் மகளை நம்பினார் என்பதில் எனக்கு இன்றும் தலைகால் தெரியாத பெருமை.

இப்போதும் விடியலில் விழிப்பு வந்தால் ஒன்றிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு பெயரும் விட்டுப்போகவில்லை, அக்கா.