வியட்நாம் சந்தையில் என் துண்டு

பொம்மிடியில் ரயில் சத்தத்துக்கு நடுவே நல்லபடியாக வாழ்ந்துகொண்டிருக்கும் என் மாப்பிள்ளை மதியழகன் அவர்களுக்கு,

பாலக்கோட்டிலிருந்து மாமனார் மாதையன் வாயால் சொல்லி, எதிர்வூட்டுப் பிள்ளை பானுமதி கையால் எழுதும் கடிதம். மகள் அம்பிகாவின் முட்டிவலி குறைந்திருக்கும், கறவை மாடு வேளை தவறாமல் பால் கொடுக்கும் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம் என்று எழுதப் பானுமதி பேனாவைத் திறந்தது. நான்தான் தடுத்துவிட்டேன். ஊருக்குத் திரும்பி வந்தவன் உங்கள் வூட்டுக்கு வராமல் பாலக்கோட்டிலேயே ஏன் பதுங்கிவிட்டான், போனிலாவது சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நடுவில் நீங்கள் பேசுவீர்கள். கடிதமென்றால் கடைசிவரை கேட்டுத்தான் ஆகவேண்டும்.

போன காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் காவியா வரவில்லை. எழுந்து நிற்காதீர்கள், உட்காருங்கள்.

வியட்நாமுக்குப் போய் ஒரே வருஷம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போன பெண், இரண்டு வருஷமாகியும் வரவில்லை; சம்பந்தம் பேசிய கம்பைநல்லூர் உரக்கடைப் பையன் வூட்டார் பெண் எப்போது வரும், எப்போது வரும் என்று கேட்டு நிற்கிறார்கள் என்று நீங்கள் என்னிடம் வந்து நின்றபோது சொன்னது வார்த்தைக்கு வார்த்தை எனக்கு ஞாபகம் இருக்கிறது. “மாமா, நாலு பக்கமும் முட்டுற காளையவே பேசி வித்துக் குடுத்த ஆளு நீங்க. என் பொண்ணு ஒருத்திய பேசிக் கூட்டியார முடியாதா உங்களால?” என்றீர்கள். அந்த ஒரு சொல்லில் நான் மயங்கினேன். நீங்கள் அம்பிகாவைப் பெண் பார்க்க வந்த அன்று மூன்று போண்டா சாப்பிட்டுவிட்டு நாலாவதைப் பார்த்துக்கொண்டே எழுந்தீர்கள் பாருங்கள், அதே முகத்தோடு கேட்டீர்கள். எப்படி மறுப்பது?

போய் இறங்கிய மறுநாள் விடியக்காலையிலேயே காவியா என்னைச் சந்தைக்கு அழைத்துப்போனாள். மாப்பிள்ளை, நானும் அறுபது வருஷம் மாட்டுத் தரகனாகச் சந்தையில் நின்றவன். ஆனால் சந்தைக்குள்ளேயே மோட்டார் பைக்கை ஓட்டிக்கொண்டு வந்து, இறங்காமல், காலைக்கூட ஊன்றாமல் கீரை வாங்கிப் போகிறவர்களை நான் கண்டதில்லை. தவளையைக் காலைக் கட்டி வைத்திருக்கிறார்கள். நத்தையைப் படி போட்டு அளக்கிறார்கள். உள்ளே குஞ்சு இருக்கிற வாத்து முட்டையை அவித்து, உடைத்து, மிளகு உப்புப் போட்டு உங்கள் மகள் சாப்பிடுகிறாள். அம்பிகா வைத்த குழம்பில் கறிவேப்பிலை கிடந்தால் ஓரமாக எடுத்துவைத்து முகம் சுளித்த பிள்ளை! முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்து எனக்கும் ஒரு பெரிய கிண்ணத்தில் அரிசிச் சேமியாச் சாறு வாங்கிக் கொடுத்தாள். கூடவே கறவைக்குப் போடுவதுபோல ஒரு கட்டுத் தழை வைத்தார்கள். அதைப் பிய்த்துச் சாற்றில் போட்டுக்கொள்ள வேண்டுமாம். மூன்றாம் நாளிலிருந்து நானே தனியாகப் போய்க் குடித்தேன் என்பது வேறு விஷயம்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது, அந்த யோசனை வந்த தலையில் இடி விழ. நம்மூர் மாதிரி ஒரு கோழிக் குழம்பு வைத்து, கொண்டுபோன ராகி மாவில் களி கிண்டிப் போட்டால், ஒரு வாய் சாப்பிட்டதும் பிள்ளைக்குக் கண் கலங்கும், மூட்டையைக் கட்டிவிடும் என்று கணக்குப் போட்டேன். அவள் பள்ளிக்கூடம் கிளம்பியதும் கோழி வாங்கத் தனியாகச் சந்தைக்குப் போனேன். கோழி விற்கிற அம்மா, என் வயசு இருக்கும், கூடை நிறையக் கோழியோடு உட்கார்ந்திருந்தாள். விலை எவ்வளவு என்று கையை ஆட்டிக் கேட்டேன். அந்தம்மா நாலு பேர் பார்க்க விரலை விரித்து ஆகாயத்தில் காட்டிவிட்டாள்! விலையை இப்படியா சந்தி சிரிக்கச் சொல்வது? நம் மாட்டுச் சந்தையில் விலையை வாய் திறந்து சொன்னவன் உண்டா? துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்துக் கேட்டு, விரலைப் பிடித்தே பதில் சொல்வோம். ஆயிரமா, பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இரண்டு பேருக்கும் தெரியும். அதை வாய்விட்டுக் கேட்பவன் தரகனே இல்லை. பாவம், இந்தம்மாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது என்று, மரியாதை கருதி, தோளில் இருந்த துண்டை எடுத்து அந்தம்மா கைமேல் போட்டு, உள்ளே கையை விட்டு இரண்டு விரலைப் பிடித்தேன்.

அந்தம்மா போட்ட கூச்சல் நம்மூர் வத்தல்மலைவரை கேட்டிருக்கும். எழுந்த வேகத்தில் கூடை கவிழ்ந்தது. கோழிகள் பக்கத்துச் சாற்றுக்கடை ஸ்டூல்களுக்கு அடியில் புகுந்தன. ஒரு சேவல் பறந்துபோய் ஒரு பெரியம்மா கையில் வைத்திருந்த கிண்ணத்துக்குள்ளேயே இறங்கியது. சாறு முழுக்க அந்தப் பெரியம்மா சட்டையில். ஒருத்தன் என் துண்டைப் பிடித்துக்கொண்டான், இன்னொருத்தன் போனில் படம் பிடித்தான். நான் அவனைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னேன். அதை எழுதமாட்டேன் என்று பானுமதி பேனாவை மூடிவிட்டது. சரி, விடுங்கள்.

யாரோ போய்ச் சொல்லிக் காவியா ஓடிவந்தாள். “தாத்தா, ஏன் தாத்தா என் மானத்த வாங்கற? அது யாரு தெரியுமா, சாறு கொட்டினது? எங்க ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ்!” என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. போனதுதான் போச்சு, வேலையை விட்டுத் துரத்துவார்கள், பிள்ளை நம்மோடு வந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷமும் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். காவியா கோழிக்காரம்மா, ஹெட்மிஸ்ட்ரஸ் ரெண்டு பேரிடமும் கையை ஆட்டி ஆட்டி ஏதேதோ சொன்னாள். துண்டைக் காட்டினாள், என்னைக் காட்டினாள், மாடு மாதிரி கொம்பு வைத்துக் காட்டினாள். கோழிக்காரம்மா முதலில் முறைத்தாள், அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாறு சொட்டச் சொட்ட நின்ற ஹெட்மிஸ்ட்ரஸ் என் துண்டை வாங்கித் தன் கைமேல் தானே போட்டுக்கொண்டு, “வா” என்பதுபோல என்னைப் பார்த்தாள்!

அங்கேதான் நம் குடி கெட்டது. மறுநாள் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து துண்டுக்குள் கையை விடும், நான் விரலைப் பிடிக்க வேண்டும், அது இங்கிலீஷில் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். வாயே திறக்காத பிள்ளைகளெல்லாம் “த்ரீ! ஃபோர்!” என்று கத்துகின்றன. கையெழுத்துப் போடத் தெரியாத நான் இங்கிலீஷ் வாத்தியாராகிவிட்டேன் மாப்பிள்ளை. வார முடிவில் ஹெட்மிஸ்ட்ரஸ் காவியாவைக் கூப்பிட்டு, உன்னைப்போல டீச்சர் எங்களுக்குக் கிடைக்காது என்று ஒப்பந்தத்தை நீட்டிவிட்டாள். கூட்டிவரப் போனவன் நானே முளை அடித்துக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

கோழிக் குழம்பும் வைத்தேன். கோழியைக் கோழிக்காரம்மாவே கொண்டுவந்து கொடுத்தாள். களி, குழம்பு எல்லாவற்றையும் காவியா வழித்துச் சாப்பிட்டாள். கண் கலங்கியது, காரத்தில். “தாத்தா, இதையே இங்க சந்தையில ஒரு கடை போட்டு வித்தா நல்லா போகும் தெரியுமா?” என்றாள். 

கடைசி நாள் ஏர்போர்ட்டில், “கண்ணு, கம்பைநல்லூர்க்காரங்களுக்கு நான் என்னான்னு பதில் சொல்றது? எப்ப வருவ?” என்று கேட்டேன். அவள் என் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டாள். சின்ன வயசில் என்னோடு காரிமங்கலம் சந்தைக்கு வந்து பழகியவளாயிற்றே. நான் ஒரு விரலைப் பிடித்தேன். அவளும் பதில் கொடுத்தாள். துண்டுக்கு அடியில் நடந்ததை வெளியில் சொல்வது எங்கள் தொழிலில் இல்லை. பெற்ற அப்பனிடம்கூடச் சொல்ல முடியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எல்லாம் வெறுத்துவிட்டது மாப்பிள்ளை. இதுவரை என் பேரத்தை இந்த ஜில்லாவில் எவனும் முறித்ததில்லை. இனி நம் பாலக்கோட்டுத் தக்காளி மண்டியைத் தாண்டி எங்கும் போகமாட்டேன். பாஸ்போர்ட்டை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். நானே வந்து அழுதாலும் தரவேண்டாம்.

அம்பிகாவுக்கு என் ஆசி, கறவைக்கு ஒரு கட்டுப் புல், உங்களுக்கு எல்லாவற்றையும் தாங்கும் பொறுமை கிடைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தோற்றுவந்த உங்கள் மாமனார்
மாதையன் (இடது கைப் பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: உறைக்குள் பாஸ்போர்ட்டைத் தேடவேண்டாம். பானுமதி ஒட்டப்போகும் நேரத்தில் எடுத்துவிட்டேன். நீங்கள் இரவெல்லாம் தூங்கமாட்டீர்கள் என்பதால் தொழில் தர்மத்தை மீறிச் சொல்கிறேன். காவியா என் விரலைப் பிடிக்கவில்லை. முழுக்கையையும் சேர்த்துப் பிடித்தாள், ஏர்போர்ட்காரன் வந்து கூப்பிடும்வரை விடவே இல்லை. சந்தையில் முழுக்கை என்றால் ஐந்து. ஐந்து மாதமா, ஐந்து வருஷமா என்று நான் கேட்கவில்லை.  கம்பைநல்லூர்க்காரர்களிடம் பேரம் இன்னும் முடியவில்லை என்று சொல்லிவையுங்கள். நேரில் போய்த்தான் கேட்டு வரவேண்டும். போனில் துண்டு போட முடியாது. கோழிக்காரம்மாவுக்கும் சேர்த்து ராகி மாவு இரண்டு பங்காக அரைத்து வைக்கச் சொல்லி அம்பிகாவிடம் சொல்லவும்.