ஷெரினுக்கு அம்மை போடாத கதை

செம்பாக்கம்,
ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி.

பெருமதிப்பிற்குரிய சவுரிமுத்து மாமா அவர்களுக்கு,

தங்கள் அண்ணன் மகள் ஜாஸ்மினின் கணவன் பிரிட்டோ பணிவுடன் எழுதுவது. தாங்களும் சரசு அத்தையும் ஆண்டவர் அருளால் சுகமாக இருக்க வேண்டுகிறோம். இங்கு நாங்கள் நால்வரும் பூரண சுகம். இந்தக் கடிதம் எழுதக் காரணமே அதுதான்.

நால்வர் என்பதில் ஷெரினும் சேர்த்தி. அவளுக்கு அம்மை போடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் உங்களிடம் சொன்னது பொய். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று தெரியாது. வாட்ஸப்பில் எழுதினால் என் விரல் தவறாமல் குடும்பக் குரூப்பைத்தான் அழுத்தும். ஆகவே கூரியர்.

நடந்தது இதுதான். ஏழு ஞாயிறாக நாங்கள் வீட்டில் சாப்பிடவில்லை. இரண்டு புதுநன்மை, ஒரு ஞானஸ்நானம், ஒரு நிச்சயதார்த்தம், மிச்சமெல்லாம் கல்யாணம். மூன்று வயது ஜெபின், ஞாயிற்றுக்கிழமை சோறு மண்டபத்தில்தான் போடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். ஒரே ஒரு சனி ஞாயிறு லுங்கியோடு, பிள்ளைகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கறி வாங்கிப் பிரியாணி செய்து, சும்மா கிடக்க ஆசைப்பட்டோம். எட்டாவது ஞாயிறாக உங்கள் புது வீட்டுப் புகுவிழா, சாமியார் மந்திரிப்பு வந்தது. காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்றாள் ஜாஸ்மின். காய்ச்சல் என்றால் நம் ஆட்கள் பிரெட்டும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்துவிடுவார்கள், வந்தவர்களுக்குக் காபி போட்டே ஞாயிறு முடிந்துவிடும். அம்மை என்றால் ஒருவரும் தெருப்பக்கம்கூட வரமாட்டார்கள். இந்த யோசனை என்னுடையது. அப்போது எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

போன் பேசியது மாடிப்படியில் நின்று. கீழ்வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்காரம்மா கிளியம்மாள் அக்கா காதில் அது விழுந்துவிட்டது. இந்தத் தெருவில் பாதி ஒரு காலத்தில் அவர்களுடைய வயல். அதனால் தெருவில் யார் என்ன செய்யலாம் என்பதை இன்னமும் அவர்தான் முடிவு செய்கிறார். சனிக்கிழமை காலை நான் கறிக்கடையிலிருந்து ஒரு கிலோ கோழியோடு திரும்பினால் கேட்டில் வேப்பிலைக் கொத்து. பக்கத்தில் அக்கா.

"இன்னா தம்பி, வூட்ல ஆத்தா வந்துகீறா, நீ பாட்டுக்குக் கறி வாங்கினு வர்ற?"

"நாங்க வேதக்காரங்க அக்கா."

"அவளுக்கு அதெல்லாம் கெடையாது. என் வூட்டுக்கும் வருவா, உன் வூட்டுக்கும் வருவா. குடு பைய."

கொடுத்தேன். தெருநாய்கள் நான்கும் அந்தச் சனிக்கிழமையை நாங்கள் கழிக்க நினைத்த மாதிரியே கழித்தன.

பிறகு சட்டங்கள் வந்தன. தாளிக்கக் கூடாது. தலை வாரக் கூடாது. மூன்று தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை நால்வரும் கேட்டைத் தாண்டக் கூடாது, ஆபீஸ் உட்பட. வேளாவேளைக்குக் கூழும் இளநீரும் அக்காவே கொண்டுவந்து படியில் வைத்துவிடுகிறார். நான் வாங்கிப் பாத்திரத்தைக் கழுவி வைக்கிறேன். தலை வாரவேண்டாம், வீட்டுப்பாடம் எழுதவேண்டாம் என்று கேட்டதும் ஆறு வயது ஷெரின் இந்த நோயை மனதார ஏற்றுக்கொண்டாள். அக்கா பார்க்க வருகிறேன் என்றதால் ஜாஸ்மின் அவசரமாகச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் அவள் முகத்தில் பதினேழு புள்ளி வைத்தாள். அக்கா வாசலிலேயே நின்று கும்பிட்டார். "நல்லா எறங்கிகீது, பயப்படாதம்மா" என்றார். அந்த நேரம் பார்த்து ஜெபின் முன்னால் போய் நின்று, "ஷெரினக்காவுக்கு ஒண்ணுமே இல்ல. ஸ்கெட்ச்" என்றான். அக்கா அவனையும் கும்பிட்டார். "கொழந்த வாயால ஆத்தாளே சொல்ட்டா, ஒண்ணுமில்லன்னு." இந்த அளவு நம்பிக்கையின் முன்னால் உண்மையால் ஒன்றும் செய்ய முடியவில்லை மாமா.

உள்ளதைச் சொல்லவேண்டும், சனி மதியம் நன்றாகத்தான் இருந்தது. கூழைக் குடித்துவிட்டு நால்வரும் ஒரே பாயில் படுத்தோம். ஜெபின் என் வயிற்றில் கார் ஓட்டினான். ஷெரின் தன் புள்ளிகளைக் கண்ணாடியில் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒருவரும் எங்கேயும் கிளம்பவேண்டியதில்லை. இதற்குத்தானே இவ்வளவும் என்று நினைத்தேன்.

ஆறு மணிக்குக் குரூப்பில் உங்கள் செய்தி வந்தது. "என் பேத்தி ஷெரின் கையால் ரிப்பன் வெட்டாமல் நான் அந்த வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. மந்திரிப்பு தள்ளிவைக்கப்படுகிறது. அனைவரும் குழந்தைக்காக ஜெபமாலை சொல்லவும்." நாற்பத்து மூன்று பேர் கைகூப்பியிருக்கிறார்கள். தோகாவிலிருந்து ஏசுபாதம் அண்ணன் உபவாசம் இருக்கிறாராம். அதற்கப்புறம் எனக்குக் கூழ்கூட இறங்கவில்லை. அப்பா இல்லாத ஜாஸ்மினைக் கைப்பிடித்துக் கோயிலுக்குள் அழைத்து வந்தவர் நீங்கள். முப்பது வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு வண்டலூரில் ஒரு வீடு கட்டினீர்கள். அதன் வாசலில் இன்று பூட்டுத் தொங்குகிறது என்றால் அது ஒரு கிலோ கோழிக்காக, அதையும் நாய்தான் தின்றது. வெட்கமாக இருக்கிறது மாமா. திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், ஜாஸ்மினை வேண்டாம், அவள் காய்ச்சலோடு நிறுத்தியிருப்பாள். அடுத்த ஞாயிறே மந்திரிப்பை வைத்துக்கொள்ளுங்கள். கிளியம்மாள் அக்காவிடமும் நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஷெரின் கத்தரிக்கோலோடு வருவாள்.

அத்தைக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் இருவரும் உங்களுக்கு முத்தம் சொல்லச் சொன்னார்கள். எனக்கும் சேர்த்து ஆசீர்வாதம் செய்ய மனது வரும்போது செய்யவும்.

தங்கள் மருமகன்,
பிரிட்டோ

பின்குறிப்பு: மாலை ஐந்தரை. கவரை ஒட்டப்போகும்போது சரசு அத்தை ஜாஸ்மினுக்குப் போன் செய்தார்கள். நானும் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன்.

"ஷெரினுக்கு எப்ப தண்ணி ஊத்துறீங்க?"

"சித்தி, அது வந்து..."

"அவசரப்படாதம்மா, நிதானமா ஊத்துங்க. இங்க புது வீட்டு கிச்சன்ல டைல்ஸே ஒட்டல. பாத்ரூமுக்குக் கதவு இல்ல. மேஸ்திரி தசரதன் புதன்கிழமையிலருந்து போனே எடுக்கல. இருநூறு பேரக் கூப்பிட்டுட்டு என்னா செய்யறதுன்னு உங்க சித்தப்பா சோறு தண்ணி இல்லாம கெடந்தாரு. வெள்ளிக்கிழமை பிரிட்டோ போன் வந்தப்புறந்தான் ரெண்டு இட்லி சாப்ட்டாரு."

பின்னால் உங்கள் குரல் கேட்டது மாமா. "அவன் சொல்றது பொய்யின்னு எனக்கு அப்பவே தெரியும். நல்ல பையன், மனசு கேக்காம உண்மையச் சொல்லித் தொலச்சிடப் போறான். சொல்ல வேணாம்னு சொல்லு. வீட்டு வேல முடிய இன்னும் மூணு வாரம் ஆகும், சின்னவனுக்கும் ஒட்டிக்குமான்னு கேளு."

கிளியம்மாள் அக்கா இளநீரோடு வாசலில் நின்றதால் ஜாஸ்மினால் பதில் சொல்ல முடியவில்லை. பதிலை இதிலேயே எழுதிவிடுகிறேன். மேலே நான் எழுதியது அத்தனையும் பொய். ஷெரினுக்கு அம்மைதான். ஜெபினுக்கு நாளை காலை போடும்.