ஒரு ஆளுக்கு ஒரு வேலை

ஸ்மில்யாவின் மேஜை இழுப்பறை மறுபடியும் உறுமியது.

"உள்ள வண்டு ஏதாவது மாட்டிக்கிச்சாம்மா?" என்று ரசீதோடு கவுன்ட்டரில் நின்ற பெரியவர் கேட்டார்.

"வண்டு இல்ல. போன்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மேலாளர் திஹோமிர். ரப்பர் செருப்புக்காரர், குடிநீர் அலுவலகத்தில் அவர் வருவது யாருக்கும் கேட்காது. வந்ததும் முதல் வேலையாக ஜன்னலைச் சாத்தினார். எதிரே கதவு திறந்திருந்தது. மொராவா ஆற்றங்கரையில் பிறந்த எந்தச் செர்பியரையும் போல அவரும் துப்பாக்கிக்குப் பயப்பட மாட்டார். குறுக்கே அடிக்கும் காற்று உடம்புக்கு ஆகாது என்று பயப்படுவார்.

"யார் அது, விடாம கூப்பிடறது?"

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். கூப்பிட்டது நெவேனா. நிறைமாதம். ஸ்மில்யா அலுவலக நேரத்தில் தண்ணீர்க் கட்டணம் வாங்குவாள். மீதி நேரமெல்லாம் பிரசவத் துணை. மருத்துவச்சி அல்ல, வலி வந்தவளோடு கூடப் போவாள், இடுப்பைத் தேய்த்துவிடுவாள், மூச்சுவிட மறந்தால் நினைவூட்டுவாள், டாக்டர் காபிக்குப் போயிருந்தால் போய் இழுத்துவருவாள். ஆனால் திஹோமிரின் அறைக் கதவில் ஒரு அட்டை தொங்கியது: 'ஒரு ஆளுக்கு ஒரு வேலை.' மீட்டர் பிரிவில் ஒருவர் ஓய்வு நேரத்தில் தேன் விற்கிறார் என்று தெரிந்ததும், நிரந்தரமாகத் தேன் விற்க அனுப்பிவிட்டார்.

"வாசகர் வட்டம் சார்," என்றாள் ஸ்மில்யா.

எங்கிருந்து அந்தப் பொய் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. இழுப்பறையில் போனுக்குப் பக்கத்தில் பழைய வாரப் பத்திரிகை ஒன்று கிடந்தது. அதுதான் தூண்டியிருக்க வேண்டும்.

"என்ன வட்டம்?"

பக்கத்துக் கவுன்ட்டர் துஷிட்சா உதவிக்கு வந்தாள். வராமல் இருந்திருக்கலாம். "தொடர்கதை படிக்கிற வட்டம் சார். வெள்ளிக்கிழமையானா இவ வீட்ல கூடிருவாங்க. கதையைப் பிச்சு உதறிருவாங்க."

"எந்தக் கதை?"

"'ஆலைக் கிணற்றில் ஒரு பிணம்'. சாம்பல் ஓநாய்னு ஒருத்தர் எழுதறாரு."

திஹோமிரின் காது மடல்கள் சிவந்தன. பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார், அதனால் வந்த கோபம் என்று ஸ்மில்யா நினைத்தாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே," என்றார் அவர். "நானும் வர்றேன்."

ஸ்மில்யா போனோடு கழிவறைக்குள் போய் நெவேனாவைக் கூப்பிட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. வலின்னு நெனச்சேன். எண்ணெய்ப் பலகாரம், புரெக் தின்னது போலிருக்கு."

"நெவேனா, நாளைக்கு சாயங்காலம் எனக்கு ஒரு வாசகர் வட்டம் வேணும். யகோதாவையும் மத்தவங்களையும் கூட்டிட்டு வா. ஆனா வயிறு தெரியாம வரணும்."

"எனக்கு ஒன்பதாம் மாசம்க்கா. வயித்த வீட்ல வெச்சிட்டு வரவா?"

இதில் வேடிக்கை, அது முழுப் பொய்யும் அல்ல. இரண்டு வேலைக்கு நடுவே படிக்க நேரம் ஏது? ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையில்தான் ஸ்மில்யா படிப்பாள். சும்மா படித்தால் பக்கத்தில் படுத்திருப்பவள் முறைப்பாளே என்று சத்தமாகவே படிப்பாள். அப்படியே ஊரில் பாதிப் பிள்ளைத்தாய்ச்சிகள் ஆலைக் கிணற்றில் விழுந்துவிட்டார்கள். இந்தத் திங்கட்கிழமை ஒரே நாளில் இரண்டு பிரசவம் வந்ததால் மீலேயின் பெட்டிக்கடைக்குப் போய்ப் பத்திரிகை வாங்கத் தவறிவிட்டாள். அதில் கடைசி அத்தியாயம். கொலைகாரன் யார் என்று ஊருக்கே தெரிந்திருக்கும், இவர்களுக்குத்தான் தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு வயிறுகளையும் மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்து, மேஜைவிரிப்பை மடி வரைக்கும் இழுத்துவிட்டாள். திஹோமிர் ஒரு காபிப் பொட்டலமும் பழச்சாறு பாட்டிலுமாக வந்தார். செருப்பைக் கழற்றினார். ஜன்னலைச் சாத்தினார்.

அறை வெந்தது. நாலு பேரும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஸ்மில்யா பழச் சாராயமான ரக்கியாவை ஊற்றினாள். நாலு பேரும் வேண்டாமென்று தலையாட்டினார்கள். ஒரு செர்பிய வீட்டில், வெள்ளிக்கிழமை, நாலு பேர் சேர்ந்தாற்போல ரக்கியா வேண்டாமென்றால் போலீஸுக்கே சந்தேகம் வரும்.

"ஏன், உடம்புக்கு என்ன?" என்றார் திஹோமிர்.

"நோன்பு சார்," என்றாள் ஸ்மில்யா.

திஹோமிர் யகோதாவின் தட்டைப் பார்த்தார். அவள் இரண்டாவது சீஸ் புரெக்கைத் தயிரில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"நோன்புன்னா சீஸும் கூடாதே?"

"இது ரக்கியாவுக்கு மட்டும் நோன்பு சார்," என்றாள் யகோதா, வாயை மெல்லுவதை நிறுத்தாமல்.

அவர் ரக்கியாவை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுத் தொண்டையைச் செருமினார். "சரி. கதைக்கு வருவோம். எப்படி இருக்கு? மனசுல பட்டதைச் சொல்லுங்க."

கேட்டதுதான் தாமதம்.

"ரொட்டிக் கடைக்காரன்தான் கொலைகாரன். மூஞ்சியே சரியில்ல," என்றாள் நெவேனா.

"அந்த விதவைதான்டி. எதுக்கெடுத்தாலும் அழறா," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"யாரா வேணாலும் இருக்கட்டும்," என்றாள் யகோதா. "அந்த இன்ஸ்பெக்டர் மாதிரி ஒரு மண்டு உண்டா? வயலின் டீச்சர் பின்னால ஒரு மாசம் சுத்தறான். எங்க வீட்டு ஆளுக்கு அந்த அத்தியாயத்தைப் படிச்சுக் காட்டினேன், குறட்டை விட்டுட்டாரு."

திஹோமிரின் காது மீண்டும் சிவந்தது. "அது காதல்மா. துப்பறியறவனுக்கும் மனசு இருக்காதா?"

"மனசு இருக்கட்டும் சார், குழாய் எதுக்கு அவ்வளவு? வாரா வாரம் குழாய், வால்வு, அழுத்தம். படிச்சு முடிச்சா எனக்கு பாத்ரூம் போகணும்."

"வால்வு இல்லாம கிணத்துல எப்படி நீர்மட்டம் ஏறும்? தெரியாம பேசக்கூடாது," என்று அவர் கொஞ்சம் குரலை உயர்த்தினார். குடிநீர் அதிகாரி அல்லவா, தொழில் பாசம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

அப்போது நெவேனா மேஜை விளிம்பை இறுகப் பிடித்தாள். கண்களை மூடினாள். மூச்சை நீளமாக ஊதினாள்.

"அந்த அம்மாவுக்கு என்ன?"

"கதைல ஆழமா போயிட்டா சார்," என்று சொல்லிக்கொண்டே ஸ்மில்யா அவள் இடுப்பைத் தேய்த்தாள். "எங்க வட்டத்துல அப்படித்தான். ரொம்ப உருகினா தேய்ச்சு விடுவோம்."

திஹோமிருக்கு முகம் மலர்ந்தது. "எந்த இடம் அவ்வளவு பாதிச்சுது?"

நெவேனா பல்லைக் கடித்துக்கொண்டு, "கீழ் இடுப்பு," என்றாள்.

அடுத்த ஊதலுக்குள் மேஜைக்கு அடியில் சளசளவென்று சத்தம் கேட்டது. திஹோமிர் சட்டென்று தலையை நிமிர்த்தினார். பரம்பரைத் தொழில் புத்தி.

"எங்கயோ கசியுது."

"இல்ல சார்..."

"எங்கிட்டயேவா? சத்தத்துலயே தெரியும். ஹீட்டர் குழாய்தான்." யாரும் தடுப்பதற்குள் மண்டியிட்டு மேஜைவிரிப்பைத் தூக்கி உள்ளே நுழைந்துவிட்டார்.

மேஜையின் அடிப்பலகையில் அவர் தலை இடித்தது.

பிறகு மேஜைக்கு அடியிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "ஸ்மில்யா. இங்க இருக்கற எல்லாருமே...?"

"ஆமா சார். அதுல ஒருத்தருக்குப் பனிக்குடம் உடைஞ்சிருச்சு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். உங்க கார் கீழதானே நிக்குது?"

நெவேனாவின் புருஷன் லியுபிஷா லாரி ஓட்டுகிறவன். ஹங்கேரி எல்லையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். வேறு வழியில்லாமல் திஹோமிர் காரை எடுத்தார். பின் இருக்கையில் நெவேனா ஸ்மில்யாவின் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். புழுக்கம் தாங்காமல் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். "காத்து, காத்து," என்று திஹோமிர் பதறினார். அவள் சொன்ன பதிலை எழுத முடியாது.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. நெவேனா இறங்க மறுத்தாள்.

"யார் கொன்னதுன்னு தெரியாம நான் உள்ள போக மாட்டேன்."

"நெவேனா, பிள்ளை வந்துட்டு இருக்கு."

"வரட்டும். இனிமே எனக்குப் படிக்க நேரம் கிடைக்குமாக்கா? பல்லு முளைக்கும், காய்ச்சல் வரும், பள்ளிக்கூடம் போகும். இப்பத் தெரியலன்னா எப்பத் தெரியும்? நான் எறங்க மாட்டேன்."

அவள் முன் இருக்கையின் தலைப்பகுதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அதோடு திஹோமிரின் கழுத்தும் சேர்ந்து மாட்டியது.

"தபால்காரன்," என்று அவர் மூச்சு முட்டக் கத்தினார். "தபால்காரன்தான்மா. கையுறையைக் கிணத்துல போடல, ரொட்டிக்காரன் அடுப்புல போட்டு எரிச்சான். பழி அவன் மேல விழட்டும்னு. விடு, விடு."

நெவேனா கையை எடுத்தாள். "தபால்காரனா? அட, எவ்வளவு நல்லவனா பேசினான்." இறங்கி விறுவிறுவென்று உள்ளே நடந்தாள்.

ஸ்மில்யாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை வாரம் காத்திருந்த முடிவு, இப்படிக் கார் கதவில் வைத்து நசுங்கிவிட்டது. "படிச்சிருந்தா மனசோட வெச்சுக்கக் கூடாதா சார்?"

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தானா வாசல் நர்ஸ் அப்படிக் கேட்க வேண்டும்?

"வந்துட்டாங்கய்யா நம்ம ஸ்மில்யாக்கா. திங்கட்கிழமைதானே ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்தீங்க? உங்களுக்கு இங்கயே ஒரு கட்டில் போட்டுடலாம்க்கா."

திஹோமிர் மெதுவாகத் திரும்பி ஸ்மில்யாவைப் பார்த்தார்.

பெண் குழந்தை. அம்மாவும் குழந்தையும் சுகம். சேதியைச் சொல்ல ஸ்மில்யா வெளியே வந்தபோது வாசலில் டிரம்பெட் கூட்டமே நின்று ஊதிக்கொண்டிருந்தது. போனில் சேதி கேட்ட லியுபிஷா அனுப்பிய லாரிக்காரச் சிநேகிதர்கள். பிள்ளை பிறந்தால் சிநேகிதர்கள் அப்பன் சட்டையைக் கிழிப்பது செர்பிய வழக்கம். அப்பனோ எல்லையில்.

"யார் கூட்டிட்டு வந்தது?" என்று கேட்டான் ஒரு தாடிக்காரன்.

"நான்தான். ஆனா..." என்றார் திஹோமிர்.

அந்த 'ஆனா' துணி கிழிகிற சத்தத்தில் போயிற்று. சட்டையின் முதுகு ஒருவன் கைக்குப் போனது, இடது கை இன்னொருவனுக்கு. காலரும் டையும் மட்டும் மிஞ்சின. கன்னத்தில் முத்தம் கொடுத்தார்கள், வாயில் ரக்கியா ஊற்றினார்கள். மொராவாப் பக்கமிருந்து காற்று குறுக்கே அடித்தது.

ஸ்மில்யா ஓடிப்போய்த் தன் சால்வையை அவர் மேல் போர்த்தினாள். ரோஜாப்பூப் போட்ட சால்வை.

"திங்கட்கிழமை காலைல என் ரூமுக்கு வாங்க," என்றார் அவர், பல் கிடுகிடுக்க. "ராஜினாமாவோட வாங்க. இல்லன்னா இந்தப் பிரசவ வேலையை விட்டுட்டேன்னு எழுதிக் கொண்டுவாங்க. ரெண்டு வேலை பாக்கறவங்க ரெண்டையும் உருப்படியா பாக்க மாட்டாங்க. எனக்கு நல்லாத் தெரியும்."

சனியும் ஞாயிறும் ஸ்மில்யா மேஜைவிரிப்பைத் துவைத்தாள், யோசித்தாள், அழுதாள். சம்பளம் இல்லாமல் வாழ முடியாது. ஆனால் யகோதாவுக்கு அடுத்த வாரம். அவளிடம் போய், நீ தனியா ஊதிக்கோ என்று எப்படிச் சொல்வது? கடைசியில் ராஜினாமாவையே எழுதிப் பைக்குள் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை மீலேயின் பெட்டிக்கடையில் நின்றாள். முடிவு தெரிந்த கதைதான். ஆனாலும் வேலை போகிற நாளில் ஒரு பெண் வேறு எதை வாங்குவாள்?

"போன வாரப் பத்திரிகை இருக்கா மீலே? ஆலைக் கிணறு கடைசிப் பாகம் வந்தது."

"நீங்களும் அதானா?" மீலே சிகரெட்டை அணைத்தான். "போன வாரம் அந்தப் பக்கத்துல சமையல் குறிப்பு போட்டாங்க. இந்த வாரம் ஜோசியம்."

"ஏன்?"

"அந்த சாம்பல் ஓநாய் இன்னும் எழுதியே குடுக்கலியாம்க்கா. பகல்ல ஏதோ ஆபீஸ் உத்தியோகமாம், ரெண்டு வேலையையும் சமாளிக்க முடியலியாம். கொலைகாரன் யாருன்னு இன்னிக்கி தேதிக்கு உலகத்துல அந்த ஒரு ஆளுக்குத்தான் தெரியும்."