அப்பா விளையாட்டு

மகள் பிறந்த அன்றைக்கே மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வாயை விட்டுவிட்டார். மாமியார், மச்சான் எல்லாரும் கூடியிருந்த நேரம். "இனிமே ஞாயித்துக்கிழமைன்னா இவ என் பொறுப்பு. அம்மாக்காரி பழையபடி அச்சகத்துக்குப் போய்ப் பிழை திருத்தட்டும்."

மனைவி அதை நம்பினாள். பிழை திருத்துகிறவள் கண்ணில் படாமல் போன பிழை அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறே நண்பர்கள் கேரம் ஆடக் கூப்பிட்டுவிட்டார்கள். "கழுத்தே நிக்கலையே, எப்படித் தூக்குவேன்? நிக்கட்டும், பார்த்துக்கறேன்" என்று செருப்பை மாட்டினார். கழுத்து நின்றது. அவர் நிற்கவில்லை. குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது. அது தவழத் தவழ இவர் தவணை கேட்டார்.

"துணிக்கு அடியில ஒளிச்ச கிலுகிலுப்பையைத் தானே தேடி எடுக்கறா தெரியுமா?" என்றாள் மனைவி. "கண்ணுக்குத் தெரியாட்டியும் பொருள் இருக்குன்னு புரிய ஆரம்பிச்சிடுச்சு."

"அப்புறமென்ன? நான் கண்ணுக்குத் தெரியாட்டியும் இருக்கேன்னு புரியும்ல!"

"அவளுக்குப் புரியும். எனக்குத்தான் சந்தேகமா இருக்கு."

"சரி, முதல்ல நடக்கட்டும்."

நடந்தது. அப்போது அவர் சிவப்புக் காய்க்குக் குறி வைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் வீடு திரும்பியபோது, சுவரைப் பிடிக்காமல் அறைக்குக் குறுக்கே ஓடியது குழந்தை.

"எப்பலேருந்து?"

"எப்பலேருந்தோ."

பிறகு பேச்சு வரட்டும் என்றார். வந்தது. இவர் பேச்சுத்தான் மாறிக்கொண்டே இருந்தது.

போன ஞாயிறு காலை மனைவி அமைதியாகச் சொன்னாள். "அச்சகத்துல இன்னிக்குத்தான் கடைசிக் கெடு. போகலைன்னா வேற ஆள் வெச்சிடுவாங்க."

"போயேன், யாரு தடுத்தா? ஆனா இவளுக்கு விளையாடவே தெரியலையே. பொம்மையைத் தூக்கிப் போட்டு உடைக்கறா. வேஷம் கட்டி, கதை கட்டி விளையாடற வயசு வரட்டும். அன்னிக்கே நான் ஆஜர். சத்தியம்!"

"சத்தியமா?"

"உன் தலை மேல."

"என் தலை மேல ஏற்கெனவே நிறைய இருக்கு. உங்க தலை மேல அடிங்க."

அடித்தார்.

அவள் மகளைப் பார்த்தாள். "கண்ணு, அப்பா விளையாட்டு காட்டு."

சின்னக் கால்கள் அவர் செருப்புக்குள் நுழைந்தன. ஒரு மரக்கட்டை காதுக்குப் போனது. "வந்துட்டேன், வந்துட்டேன். காயை அடுக்கு!" பிறகு பொம்மை பக்கம் திரும்பி, அவர் குரலிலேயே ஒரு சலிப்பு. "ப்ச்... அடுத்த வாரம் பாத்துக்கறேன்மா." வெளியே போய்க் கதவைப் படாரென்று சாத்தினாள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அச்சு அசலா நானேதான்!" கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது திறக்கவில்லை. "எப்ப உள்ள வருவா?"

"விளையாட்டு அவ்வளவுதான். அப்பா திரும்பி வர்றது அவளுக்குத் தெரியாது. அதுக்குள்ள தூங்கிடுவாளே."

அப்போதுதான் கவனித்தார், மனைவி தலைவாரி, இஸ்திரி போட்ட உடுப்போடு, கைப்பையைத் தோளில் மாட்டித் தயாராக நின்றாள்.

"வேஷம் கட்டியாச்சு, கதை கட்டியாச்சு. ஆஜராகுங்க." கதவைத் திறந்து மகளை உள்ளே விட்டாள். தான் வெளியே போனாள்.

வேறு வழியின்றித் தரையில் சம்மணம் போட்டார். மகள் டப்பா மூடிகளைத் தட்டுகளாகப் பரப்பினாள். அவர் குழைந்தார். "இந்த விளையாட்டுல நான் யாரு கண்ணு? அப்பாதானே?"

குழந்தை அவரை மேலும் கீழும் பார்த்தது.

"இல்ல. அப்பா வெளிய போயிருக்காரு. நீங்க விருந்தாளி. காபி குடிச்சிட்டுக் கிளம்புங்க."